நடுவர் வரும்வரை பிணம்

நான் இறந்தது காலைத் தேநீருக்கு முன்பா, பின்பா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. முன்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் தரையில் கிடந்தபோது நாக்கில் தேநீரின் கசப்பு இருந்ததாகவும் ஒரு ஞாபகம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. முகாமில் கர்னல் ஆற்றிய இரண்டாவது பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். அதில் சில வரிகளைப் பிற்பாடு நானே சேர்த்திருக்கலாம். அபத்தம் குறைவாகத் தெரிகிற வரிகள் என்னுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி நடந்தது நடந்ததுதான்.

படையை விட்டு வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. கட்டடத்தின் நடுவில், இருட்டில், இரும்புக் கயிறுகளுக்கும் சுவருக்கும் இடையில் தனியாக நின்று செய்கிற வேலை. யாரும் பக்கத்தில் வந்து பேச மாட்டார்கள். வந்தால் விழுந்துவிடுவார்கள். எனக்கு ஒத்துப்போயிருந்தது. பிறகு புது லிஃப்டுகள் வந்தன, அவற்றோடு புது ஆட்களும் வந்தார்கள். அனுபவசாலி என்று சொல்லி என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். எதிரே ஒரு தொலைபேசி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் அது அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் பயப்படாமலிருக்க நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவதென்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "இருக்கீங்களா?" என்பார்கள். "இருக்கேன்" என்பேன். கொஞ்சம் கழித்து மறுபடி "இருக்கீங்களா?" என்பார்கள். மாட்டிக்கொண்டவர்களே எனக்கு ஆறுதல் சொன்னதும் உண்டு.

இந்த நிலையில்தான் ஊசி கூப்பிட்டான். படையில் என் பிரிவில் இருந்தவன். அப்போது ஒல்லி, அதனால் அந்தப் பெயர். இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறான். அவன் உட்கார்ந்தால் கார் அவன் பக்கமாகச் சாயும். பெயர் மட்டும் மெலிந்தபடியே நின்றுவிட்டது. காத்திருப்புப் படை, பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கிறது என்றான். சேர்ந்தால் வழக்கம்போல வேலைக்குப் போகலாம், வீட்டில் இருக்கலாம், கூப்பிட்டால் மட்டும் போக வேண்டும். எப்போது கூப்பிடுவார்கள், எங்கே அனுப்புவார்கள், எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்பவை அவர்கள் விருப்பம். முதலில் வார இறுதியில் ஒரு முகாம்.

"ரெண்டு நாள்தான் மச்சான். சும்மா வந்து பாரு. பிடிச்சா சேரு. பிடிக்கலேன்னா சேர்ந்துட்டு யோசி."

எனக்கு ஆசை வந்ததன் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நாட்டுப்பற்றாக யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காவல் நிற்கிற மனிதனை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். அங்கே வாய்மூடி நிற்பதற்குப் பெயர் கடமை. வீட்டிலும் அலுவலகத்திலும் அதே காரியத்துக்கு வேறு பெயர்கள் இருந்தன.

போக முடியாததற்கான காரணம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அல்லது, யாராவது தூக்கினால்தான் உட்காரும் நிலையில் இருந்தது. என் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, வாய் விழவில்லை. தினமும் காலையில் அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்க வேண்டும். மனைவிக்கு முதுகுத்தண்டில் தேய்மானம். அவள் தூக்கக் கூடாது. நான் குனிந்து அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டதும் அவர் "ரைட், ரைட்" என்பார். நாற்காலியில் வைத்ததும் "ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கு" என்பார். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். மூட்டை மாதிரி தூக்குறான், இனி இவன் கை என் மேல பட்டா கீழயே கிடக்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கூப்பிட்டா எத்தனை நாளுக்குங்க?"

தெரியாது என்றேன்.

"அப்ப அப்பாவை யாரு தூக்குவா?"

அதற்கும் அதே பதில்தான் இருந்தது, அதனால் சொல்லவில்லை. அவள் குழாயை மூடினாள். ரெண்டு நாள் கம்பவுண்டரைக் கெஞ்சிப் பார்ப்பதாகச் சொன்னாள். "போய்ப் பாத்துட்டு வாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

உள்ளிருந்து மாமா, ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்வாங்க, எம் மாப்பிள்ளை எதிரியோட ஊரைக் கெடுக்கப் போறாரு, போகட்டும் விடு என்றார்.

முகாம், மூடிப்போன ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் நடந்தது. நிஜமான பயிற்சி மைதானம் நிஜமான படைக்குத் தேவைப்பட்டதாம். பழைய சீருடையை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பொத்தான் எட்டவில்லை. உடை மேற்பார்வையாளர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

"சீருடை சுருங்காது. அரசாங்கத் துணி. நீங்கதான் அனுமதி வாங்காம பெருத்திருக்கீங்க."

பொத்தான் போடாமல் விட அனுமதித்தார். சீருடையே ஏறாதவர்களை எதிரிகளாக நியமித்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்த சட்டையோடு மைதானத்தின் அந்தக் கோடியில் போய் நின்றார்கள். அவர்கள் முகத்தில் அதற்குள் ஒரு குரோதம் வந்துவிட்டிருந்தது. பிறகு மருத்துவப் பரிசோதனை. டாக்டர் மேடையில் நின்று, உடம்பு சரியில்லாதவர்கள் ஓரடி முன்னால் வரலாம் என்றார். யாரும் வரவில்லை. எல்லோரும் தகுதி பெற்றார்கள். என் பக்கத்தில் நின்றவருக்குக் காது கேட்காது. அவர் அதனாலேயே தகுதி பெற்றார்.

கர்னல் பேசினார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்து பார்த்து, அது சரிப்படாமல் திரும்பி வந்தவர் என்று ஊசி காதில் சொன்னான்.

"இங்கே கட்டாயம் என்ற சொல்லுக்கே இடமில்லை. நீங்களாக விரும்பி வர வேண்டும். வந்த பிறகு போக விரும்பினால், அந்த விருப்பத்தையும் மதிப்போம். மதித்துவிட்டு மறுப்போம். போர் வருமா என்று கேட்கிறீர்கள். வராது. வருகிற போருக்குத் தயாராவது எளிது, அது ஒருநாள் முடிந்துவிடும். வராத போருக்குத் தயாராக இருப்பதுதான் முடிவில்லாத பெருமை."

கை தட்டினோம். எனக்குக் காது கேட்காதவர்தான் அதிகம் தட்டியதாகத் தோன்றியது.

பயிற்சி தொடங்கியது. ஒரு மண்மேட்டைப் பிடிக்க வேண்டும். துப்பாக்கிகள் மரம். சுடுவதற்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விசில்காரர். குட்டி விசில் துப்பாக்கிக் குண்டு, நீள விசில் பீரங்கி. எங்கள் விசில்காரருக்கு ஆஸ்துமா. அதனால் எங்கள் பக்கம் தொடக்கத்திலிருந்தே வெடிமருந்துப் பஞ்சம். யார் சுட்டது யார்மேல் பட்டது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர், வெள்ளைத் தொப்பியோடு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் அவர்.

அவர் மூச்சு வாங்க எங்களிடம் வந்து, டீ வர்றதுக்குள்ள உங்க பக்கம் ஒருத்தர் சாகணும்னு திட்டத்துல இருக்கு, யாரு சாகறீங்க என்றார். எல்லோரும் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க வந்ததுலேர்ந்து பேசாம இருக்கீங்க. உங்களுக்கு நல்லா வரும்."

என் கையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். விதிகளைச் சொன்னார். இறந்தவர் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, பயிற்சி முடிந்து, துணியைக் கட்டிய நடுவரே வந்து அவிழ்க்கும்வரை இறந்தவர்தான். சொல்லிவிட்டு, எதிரிகளிலும் ஒருவரைக் கொன்றால்தான் நியாயம் என்று மேட்டை நோக்கி ஓடினார். பாதி ஏறியதும் மண் சரிந்து உருண்டு வந்து விழுந்தார். கணுக்கால் நிஜமாகவே உடைந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஓடி வந்தார்கள். மேஜர் தடுத்தார். அவர் வெளியே மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர், எதையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர். நடுவர் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவரல்ல, ஸ்ட்ரெச்சர் நமது பக்கத்தைச் சேர்ந்தது, அதில் அவரை ஏற்றினால் அவருடைய நடுநிலைமை கெட்டுவிடும் என்றார். ஆகவே ஸ்ட்ரெச்சரில் என்னை ஏற்றினார்கள். நடுவர் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி என் கூடவே வந்தார். அவர் வலியில் முனகியபோது எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. விதியை எனக்குச் சொன்னவரே அவர்தான் என்பதால் சொல்லவில்லை. வேனில் ஏறி மருத்துவமனைக்குப் போய்விட்டார். துணியை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முகாமில் இறந்தோருக்கென்று ஒரு கூடாரம் இருந்தது. இதுவரை யாரும் பயன்படுத்தாததால் அதுதான் இருப்பதிலேயே சுத்தமான கூடாரம். கட்டில், மெத்தை, போர்வை. ஒரு கித்தான் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடும்பநல அதிகாரியின் அறை. என்னைப் படுக்கவைத்து, என் தொலைபேசியை இறந்தவரின் உடைமைகள் என்று ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. கித்தான் மேல் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூரத்தில் ஆஸ்துமா விசில் கேட்டது. யாரும் என்னிடம் இருக்கீங்களா என்று கேட்கவில்லை. இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்படி ஒரு மௌனத்துக்காக மனிதர்கள் காடு மலை தேடிப் போகிறார்கள். எனக்கு அரசாங்கமே மெத்தை போட்டுக் கொடுத்திருந்தது.

மதியம் பசித்தது. சமையல் சார்ஜன்ட் வாசலில் நின்று வருத்தப்பட்டார். செத்தவங்களுக்கு ரேஷன் கிடையாது, நான் போட்டா அது திருட்டாயிடும் என்றார். மேஜரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். மேஜரே வந்தார். கட்டிலுக்கு அருகில் நின்று, என்னிடம் பேசவில்லை, என்னைப் பற்றிக் கூடாரத்திடம் பேசினார்.

"நடுவர் கட்டினதை நடுவர்தான் அவிழ்க்கணும். இன்னைக்கு இவருக்காக நான் அவிழ்த்தா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் தன்னைத்தானே பொழைக்க வச்சுப்பான். அப்புறம் போர்ல சாகறதுக்கு என்ன அர்த்தம்?"

பிறகு ஊசி வந்தான். சட்டைக்குள் ரொட்டி.

"மச்சான், வாயைத் திற. கண்ணைத் திறக்காத. கண்ணைத் திறந்தா நான் உயிரோட உன்னைப் பாத்ததாயிடும்."

ஊட்டிக்கொண்டே அவன் பேசினான். காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டானாம். டிரைவிங் ஸ்கூல்ல நாள் முழுக்க பிரேக், பிரேக்னு கத்தறேன்டா, எவனும் கேக்கறதில்ல, இங்க ஒருத்தன் கத்துவான், நான் கேட்டுக்கலாம் என்றான். கத்துவது அவனுக்குக் கொஞ்சம் பிடிக்கும் என்று மட்டும்தான் அவனைப் பற்றி இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மென்றுகொண்டே யோசித்தேன். இறந்தவன் மெல்லலாமா என்பது விதியில் இல்லை.

அன்று சாயங்காலம் முத்திரை வைத்த பைக்குள் என் தொலைபேசி அடித்தது. வீட்டிலிருந்துதான் இருக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. கை எட்டும் தூரம். நான் எடுக்கவில்லை. நாளை போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக ஞாபகம். ஒருவேளை அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றுகூட நினைத்திருக்கலாம்.

மறுநாள் காலைக்குள் கர்னலுக்குச் செய்தி போயிருந்தது. இதற்கு முன் எந்த முகாமிலும் இறந்தவர்கள் இப்படி நிலைத்து நின்றதில்லையாம். தேநீர் வந்ததும் எழுந்துவிடுவார்களாம். ஒரு இறப்பு முழுதாக ஒரு இரவைத் தாண்டியிருப்பது படையின் வரலாற்றிலேயே முதல்முறை என்பதால் அதை வீணாக்கக் கூடாது என்று அஞ்சலி அணிவகுப்புக்கு உத்தரவு போட்டுவிட்டார். என்னைக் கட்டிலோடு வெளியே தூக்கிவந்தார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஆஸ்துமாக்காரர் தம் பிடித்து ஒரு நீள விசில் ஊதினார்.

"உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எனக்கு நீண்ட அனுபவம் உண்டு," என்றார் கர்னல். "அவர்கள் விடுப்புக் கேட்பார்கள். பூட்ஸ் கடிக்கிறது என்பார்கள். எதற்காக என்று கேட்பார்கள். இவரைப் பாருங்கள். வந்ததிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சோறுகூடக் கேட்கவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வீரன் அப்படியல்ல. இருக்கும்போது அவனால் செலவுதான். இறந்த பிறகே அவன் மதிப்பு ஏறுகிறது. உங்கள் ஒவ்வொருவரிடமும் இந்த மதிப்பை நான் எதிர்பார்க்கிறேன்."

வரிசையில் யாரோ விசும்பினார்கள். ஊசியாக இருக்கலாம். அவனுக்குப் பேச்சு என்றாலே கண் கலங்கும்.

என்னைத் திரும்பக் கூடாரத்தில் வைத்ததும் மேஜர் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார். சேர்கிறவர்கள் மதியத்துக்குள் கையெழுத்திட வேண்டும். இறந்தவர் கையெழுத்திட முடியுமா என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறார். நடுவரின் துணி இடக்கையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே வலக்கையை மட்டும், கையெழுத்து முடியும்வரை, உயிரோடு இருப்பதாகக் கொள்ளலாம் என்று கர்னல் ஒப்புதல் தந்துவிட்டார்.

பேனாவை என் விரல்களுக்கு இடையில் வைத்தார். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் போடத்தான் போனேன். மனைவியைக் கூப்பிட வேண்டும் என்பது நினைவில் இருந்தது. மேஜரிடம் கேட்டால் வாய் உயிரோடு இல்லை என்பார். கேட்காமலிருக்க எனக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அந்த மெத்தையும், அந்த வெயிலும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்த ஒரு பகலும் எனக்கு வேண்டியிருந்தன. முதல் எழுத்தைத் தொடங்கினேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் குரல் கேட்டது.

என் கணவரைப் பார்க்கணும், போன் எடுக்க மாட்டேங்கறாரு, ஒரு நிமிஷம் கூப்பிடுங்க என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும்.

குடும்பநல அதிகாரி, அவள் சொன்ன பெயரைக் கேட்டுக்கொண்டார். அவர் வெளியே ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ரயில்கள் தாமதமாக வருவதை நாள் முழுவதும் வருத்தத்தோடு சொல்லிச் சொல்லி அவர் குரலில் அந்த வருத்தம் தங்கிவிட்டிருந்தது. படையில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு வேலை வந்ததில்லை. வீட்டாருக்குச் செய்தி சொல்வதை ஒத்திகை பார்க்க ஒரு குடும்பம் கிடைக்கவில்லை. இப்போது இறந்தவர் ஒருவர் இருந்தார், அவருடைய மனைவி தானாகவே வந்து நின்றாள்.

"உட்காருங்கம்மா," என்றார்.

"பரவால்லங்க. அவரை மட்டும் கூப்பிடுங்க."

"உட்காருங்கம்மா."

நாற்காலி இழுபடும் சத்தம். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"உங்கள் கணவர் நேற்றுக் காலை, கடமையின்போது, வீரமரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

எனக்கு மௌனங்கள் தெரியும். லிஃப்ட் குழிக்குள் இருப்பது, காவல் நிற்கும்போது இருப்பது, தொலைபேசியின் மறுமுனையில் பயந்தவர்கள் விடுவது, எல்லாம் தெரியும். அவற்றில் சிலவற்றை நான் விரும்பிச் சேர்த்துவைத்திருக்கிறேன். கித்தானுக்கு அந்தப் பக்கம் அப்போது இருந்தது அவற்றில் ஒன்றல்ல. அவள் அழவில்லை, கேட்கவில்லை. நாற்காலிகூட அசையவில்லை. அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டு மெத்தையில் கிடக்க என்னால் முடியவில்லை.

எழுந்தேன். மேஜர், யோவ், படு என்றார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். அதிகாரி கையில் இருந்த தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். இது ஒத்திகை என்று சொல்ல வேண்டிய வாக்கியம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். பொத்தான் போடாத சீருடையையும், கையில் இருந்த பேனாவையும் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதிகாரி தன் கடமையை நடுவில் விடுகிறவரல்ல. இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டார்.

"அறிவிப்பு தெளிவா இருந்துச்சாம்மா?"

"தெளிவா இருந்துச்சுங்க," என்றாள் அவள்.

அதற்குள் கர்னல் வந்துவிட்டார். மேஜர் நடந்ததைச் சொன்னார். அனுமதியின்றி உயிர்த்தெழுதல் என்பது எந்தப் பிரிவில் வரும் என்று இருவரும் சற்று விவாதித்தார்கள். பணியிலிருந்து ஓடிப்போவதில் அடங்கும் என்றார் மேஜர். ஓடிவருவதில்தான் அடங்கும், அதற்குப் பிரிவு கிடையாது என்றார் கர்னல். பிறகு என் மனைவியிடம் திரும்பி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

"உங்கள் கணவருக்கு இங்கே நல்ல எதிர்காலம் இருந்தது அம்மா. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"எங்கப்பா வீட்ல தரையில கிடக்காருங்க," என்றாள் அவள். "காலையில நானே தூக்கிப் பாத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து சரிஞ்சுட்டோம். வேற யாரையும் தொட விட மாட்டேங்கறாரு. பக்கத்து வீட்டக்கா தலையணை வச்சுட்டு உக்காந்திருக்காங்க. இவரை அனுப்புங்க."

கர்னல் யோசித்தார். முதியோரைத் தூக்குவது தங்கள் படையின் கீழ் வராது என்றும், அதற்கு வேறு துறை இருக்கக்கூடும் என்றும் சொன்னார். நான் பேனாவை மேஜரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் அதற்குரிய இடத்தில் குத்திக்கொண்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நெடுந்தூரம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முதுகை நேராக வைத்திருந்தாள். காலையில் தூக்கப் பார்த்ததில் பிடித்துக்கொண்டிருக்கும். மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தாளு சொன்னதும் எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா?"

"என்ன?"

"நாளைக்குக் காலையில அப்பாவை யாரு தூக்குவான்னு தோணிச்சு. அழுகையே வரலைங்க. அதுதான் முதல்ல வந்துச்சு. அப்படித் தோணிச்சேன்னுதான் அப்புறம் பேச முடியாம உக்காந்துட்டேன்."

நான் என் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் விட்டவை ஏராளம். அதற்கு மட்டும் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நிறுத்தங்கள் வரை முயன்றேன். கடைசியில், எனக்கும் அங்க பிடிச்சிருந்துச்சு, கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றேன். அவள் என் பக்கம் திரும்பாமல், தெரியும், பேனாவைப் பாத்தேன் என்றாள்.

மாமா தரையில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். பக்கத்து வீட்டக்காவுக்குப் பழைய பஸ் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"எங்க மாப்ள போயிட்டீங்க?"

"செத்துப் போயிருந்தாருப்பா," என்றாள் மனைவி.

மாமா என் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். "சரி சரி. தூக்குங்க," என்றார்.

குனிந்து அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டேன். அன்று அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

பிறகு நடந்தவை. நடுவரின் கணுக்கால் கோணலாகக் கூடியது. அவர் இப்போதும் பள்ளியில் ஓட்டப்பந்தயங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. கர்னலின் முகாம் சிறந்த முகாமாகத் தேர்வு பெற்று, அவர் தலைநகரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு உயர்ந்தார். மேஜர் கடையையும் படையையும் முன்போலவே நடத்துகிறார். அடுத்த வருஷம், வராது என்ற சண்டை எல்லையில் கொஞ்சம் வந்தது. காத்திருப்புப் படையைக் கூப்பிட்டார்கள். ஊசி போனான். குளிர்காலம் முழுவதும் மலையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். பள்ளி நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஒரு ஆளை வைத்திருக்கிறான், ஊசி இப்போது பேசுவதில்லை. எங்கள் முகாமில் இருந்த காது கேட்காதவர் திரும்பவில்லை. ஆஸ்துமாக்காரரும் திரும்பவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் குடும்பநல அதிகாரிதான் போனார். அங்கே என்ன சொன்னார் என்று தெரியாது. அதன்பின் அவர் ரயில் நிலைய வேலையை விட்டுவிட்டார். இப்போது ஊர்கள் பெயரை ஒரு பெண்குரல் இயந்திரத்திலிருந்து சொல்கிறது.

என் தொலைபேசி வேலையையும் ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டது. நான் மறுபடியும் லிஃப்ட் குழிக்குள் போய்விட்டேன். மாமா இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். ஒருநாள் காலை, நாற்காலியில் உட்காரவைத்த பிறகு, தேநீர் ஆறுவதற்குள் போய்விட்டார். மனைவி மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், முதுகு பரவாயில்லை. இப்போது காலையில் எங்களுக்கு அவசரமில்லை, கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்திருக்கிறோம்.